வாழையடிக் கிடங்கும் ஒரு ரிவோல்வரும்

என் வாழ்க்கையின் மிகப் பெரிய பொய்யை நான் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். தமிழில் சொல்லியிருந்தால் அரை மணித்தியாலத்தில் பிடிபட்டு, நாலு பேச்சோடு முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் சொன்னபடியால் அது பதினொரு மாதம் உயிரோடு இருந்து, கொழுத்து, கடைசியில் மோட்டார் சைக்கிளில் ஏறி எங்கள் வீட்டுப் படலைக்கே வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அரியாலையில் நானும் அம்மாவும் மட்டும். ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். அரசாங்க உத்தியோகம் இருந்தும் ஒன்பது சம்பந்தம் வந்து வந்து தட்டுப்பட்டுப் போயிருந்தது. (ஏழு சாதகம் பொருந்தாமல். ஒன்று என் உயரத்தால். மற்றது நான் வாயைத் திறந்ததால்.)

அந்த வருடம் எனக்கு டெங்கு வந்தது. படுக்கையில் கையடக்கத் தொலைபேசியும் பப்பாசி இலைச் சாறும்தான் துணை. ஒருநாள் எதையோ தேடப் போய், யாரோ ஒரு வெளிநாட்டுக் கிழவர் மேசையில் துணி விரித்து ஒரு பழைய ரிவோல்வரைப் பூட்டிக் கழற்றும் காணொளியில் விழுந்தேன். சிங்கிள் அக்சன் என்றால் ஒவ்வொரு முறையும் குதிரை என்கிற பின்பக்கச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்திவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். டபிள் அக்சனில் விசையை ஒருமுறை இழுத்தால் போதும். குதிரை தானாக எழும்பும், குண்டு இருக்கும் உருளை ஓர் அறை நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும், குதிரை விழும். ஒரே இழுப்பில் மூன்று வேலை. (எங்கள் அலுவலகத்தில் மூன்று இழுப்புக்கு ஒரு வேலைதான் நடக்கும்.) எனக்கு வாய் பிளந்துவிட்டது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர் எல்லோரும் துப்பாக்கியைக் கண்டவர்கள்தான். ஆனால் வாய்ப்பக்கத்தால் மட்டும். அதன் உள்ளே இவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்று எவர் நின்று பார்த்தது?

காய்ச்சல் போனது, ரிவோல்வர் போகவில்லை. பழைய ரிவோல்வர் சேர்க்கிறவர்கள் கூடிக் கதைக்கும் ஓர் இணையக் களத்தில் சேர்ந்தேன். அவர்களுக்கென்று ஒரு தனிப் பாஷை இருந்தது. உருளை சுழன்று சுழன்று அதன் மேல் விழும் மெல்லிய கீறலுக்கு ஒரு பெயர். குதிரை விழுந்த பிறகு உருளை ஆடாமல் நிற்கும் இறுக்கத்துக்கு ஒரு பெயர். கைபட்டுத் தேய்ந்திருந்தால் அது ‘நேர்மையான தேய்மானம்’, குறையே இல்லை. ஆனால் தேய்ந்ததை மறைக்கப் புதிதாக நீல மெருகு ஏற்றியிருந்தால், பாதி மதிப்புப் போச்சு. ரிவோல்வரின் இரும்புச் சட்டகத்தில் இருக்கும் இலக்கமும் உருளையில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்மா பத்துப் பொருத்தம் பார்க்கும் அதே முகத்தோடு இவர்கள் இலக்கப் பொருத்தம் பார்த்தார்கள். ஒருவரையும் நம்பமாட்டார்கள். ஒருவர் தன்னுடைய ரிவோல்வரின் படத்தைப் போட்டால் முதல் வரும் கேள்வி ‘இது எங்கே திருத்தப்பட்டது?’ என்பதுதான்.

களத்தில் சேரும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘உங்களிடம் என்னென்ன இருக்கின்றன?’ என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் முப்பது, நாற்பது என்று போட்டிருந்தார்கள். பூச்சியம் என்று போட்டவனை எவர் மதிப்பார்? நான் ‘ஒன்று’ என்று போட்டேன்.

அந்த ஒன்றுக்குப் பிறகு ஒரு கதை தேவைப்பட்டது. மேலால் திறக்கும் வகை, ஆறு குண்டு, டபிள் அக்சன் என்று எழுதினேன். என் பூட்டனார் வெள்ளைக்கார நீதவானுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்று எழுதினேன். (பூட்டனார் புகையிலைத் தோட்டக்காரர். வெள்ளைக்காரனைக் கண்டால் வேலி பாய்கிறவர் என்று கேள்வி.) நேர்மையான தேய்மானம், இலக்கம் எல்லாம் பொருத்தம், பெட்டி மட்டும் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று எழுதினேன். அந்தப் பெட்டிக்காக நாலு பேர் எனக்கு அனுதாபம் தெரிவித்தார்கள். நானும் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

களத்தில் இருந்த ஒரே ஒரு கிழவருக்கு மட்டும் என் மேல் நம்பிக்கை வரவில்லை. படம் போடு, இலக்கத்தைக் காட்டு என்று கிழமைக்கு ஒருமுறை எழுதுவார். அவர் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன். எங்கள் நாட்டில் படமெடுத்தால் சட்டச் சிக்கல், வேண்டுமானால் கீறி அனுப்புகிறேன் என்றேன். அதற்காகவே சீஆர் கொப்பி என்கிற தடித்த குறிப்பேடு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் தலைப்பு: ‘என்னுடைய ரிவோல்வர் – முழு விபரம்’. கீழே என் முழுப்பெயர். வைத்திருக்கும் இடம் என்பதற்கு எதிரே, ‘வீட்டு அலுமாரி, அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால்’. இப்படி ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை எந்தப் பொலிஸ்காரனும் அடித்துக்கூட வாங்கியிருக்க முடியாது. நான் கலர்ப் பென்சிலால் முன்பக்கம், பக்கவாட்டு என்று படமும் கீறி, அளவும் போட்டு அழகாக எழுதி வைத்திருந்தேன்.

இந்தக் காலத்தில்தான் பத்தாவது சம்பந்தம் வந்தது. பெண் பருத்தித்துறை. பெயர் கௌசிகா. நில அளவைப் படங்கள் வரைகிற வேலை. அம்மா காட்டிய படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காணிப் பிரச்சினைக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள், வரிசையில் நின்றபடியே சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்து, “உதிலை வடக்கு பிழையாய்க் கிடக்கு” என்றாள். பல வருடமாக அந்தப் படம் அங்கே தொங்குகிறது. நாங்கள் எல்லோரும் கிழக்கை வடக்கு என்று நம்பி உத்தியோகம் பார்த்திருக்கிறோம். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அப்படிப்பட்ட ஒருத்தியின் சாதகம் என்னுடையதோடு பொருந்தி வந்தது என்றால், ஒன்பது முறை தட்டுப்பட்டதெல்லாம் இதற்காகத்தான் என்று நினைத்தேன். இது தவறினால் இனி வேறு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அம்மா கற்பூரம் கொளுத்தினார்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். வியாழக்கிழமை களத்தில் அந்தக் கிழவர் எனக்குத் தனியாக எழுதினார். ‘நீர் யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்? உம்மைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?’ பதில் போடாமல் தொலைபேசியை மூடி வைத்தேன். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்னராசா அண்ணை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பாணைச் சுற்றுகிற சாட்டில் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பி, நேற்று ரெண்டு பேர் உம்மைப் பற்றி விசாரிச்சவை.”

“ஆர்?”

“தெரியாது. மோட்டச் சைக்கிள். ஒராள் வயது போனவர், ஒட்ட வெட்டின தலை, சேட்டைக் காற்சட்டைக்குள்ளை விட்டிருக்கிறார். மற்ற ஆள் கையிலை ஒரு ஃபைல்.”

“என்ன கேட்டவை?”

“உம்மடை கூட்டாளியள் ஆர் எண்டு கேட்டவை. வீட்டுக்கு ஆர் வந்து போறது, வெளிநாட்டிலை ஆர் இருக்கினம், சண்டைக்குள்ளை எங்கை இருந்தவை, முந்தி ஏதும் கேஸ் கீஸ் இருந்ததோ, போனிலை கனநேரம் கதைக்கிறவரோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

சின்னராசா அண்ணை நிமிர்ந்து நின்றார். “எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னன். உப்பிடி எத்தினை பேரைப் பாத்தாச்சு.”

களத்துக் கிழவர் என்னைப் பொலிசில் மாட்டிவிட்டார் என்று நினைத்த எனக்கு, சின்னராசா அண்ணையைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

(யாழ்ப்பாணத்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சாதகம் பொருந்தியவுடன் பெண் வீட்டார் வந்து இருந்துவிடமாட்டார்கள். அதற்கு முன் அவர்கள் பகுதியில் ஒருவர் மாப்பிள்ளையின் ஊருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், கடையிலும் அயலிலும் ஆளைப் பற்றி விசாரிப்பார். குடியா, கூட்டு எப்படி, வேறெங்கும் தொடர்பா. இது காலம் காலமாக நடப்பது. புலனாய்வுப் பொலிசார் கேட்கிற கேள்விக்கும் பெண் வீட்டார் கேட்கிற கேள்விக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பதிலில்தான் வித்தியாசம். பொலிசுக்கு ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பது உலகத்திலேயே நல்ல பதில். பெண் வீட்டாருக்கு அதைவிட மோசமான பதில் இல்லை.)

இது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு உடனே விளங்கியிருக்கும். ஆனால் அம்மாவிடம் சொல்வதென்றால் சேலைகளுக்குப் பின்னால் இருக்கும் ரிவோல்வரையும் சொல்ல வேண்டும். எனவே மூடிக்கொண்டு, என் புத்தியை நானே பாவித்தேன். அதுதான் பிழை.

சின்னராசா அண்ணையிடம், இனி எவர் வந்து கேட்டாலும் அதையே சொல்லச் சொன்னேன். பிறகு பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் போனேன். “சேர், என்னைப் பற்றி ஆரும் கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ.”

“பக்கத்து வீட்டுக்காரன் எண்டு சொல்லலாமோ?”

“அதுவும் தெரியாது எண்டு சொல்லுங்கோ.”

“நான் உமக்கு மூண்டு வருசம் கணக்குப் படிப்பிச்சனான்.”

“அதை முக்கியமாய்ச் சொல்லாதேங்கோ, சேர்.”

அலுவலக வாசலில் இருக்கும் காவலாளியிடமும் சொன்னேன். அவர் காரணமே கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே என் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் அரியாலையில் என்னைத் தெரிந்தவர் என்று ஒரு மனிதர் இல்லை. பழைய ரிவோல்வர் ஒன்றின் இலக்கத்தை எவராவது அராவி எடுத்திருந்தால், சேர்க்கிறவர்கள் அதைக் கையாலும் தொடமாட்டார்கள். என் ஊர் முழுவதையும் கூட்டி என் இலக்கத்தை நானே அராவி முடித்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது சீஆர் கொப்பி. எரிக்கலாம்தான். ஆனால் பதினொரு மாத உழைப்பு. மனம் வரவில்லை. புதைப்போம், எல்லாம் அடங்கிய பிறகு எடுப்போம் என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போனதும், கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கட் வந்த தகரப் பேணிக்குள் வைத்து மூடி, மண்வெட்டியோடு வளவின் பின்பக்கம் போனேன். வாழையடியில் மண் இளக்கம். எங்கள் ஊரில் கிடங்கு வெட்டுகிறவனை அயலார் இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள். ஒன்றில் எதையோ தாழ்க்கிறான், இல்லாவிட்டால் எதையோ கிளறி எடுக்கிறான். வாழை நடுகிறான் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். அதனால் வெட்டுக்கு வெட்டு நிமிர்ந்து வேலிக்கு மேலால் பார்த்தேன். அப்படிப் பார்த்தால்தான் சந்தேகம் வரும் என்பது இப்போது தெரிகிறது.

முழங்கால் ஆழம் வந்தபோது படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது.

ஒட்ட வெட்டிய தலை. உள்ளுக்கு விட்ட சேட்டு. பின்னால் ஃபைலோடு மற்ற ஆள். நான் பேணியை வாழைச் சருகுக்குள் தள்ளிவிட்டு, மண்வெட்டியோடு படலைக்குப் போனேன். இடுப்பில் சாரம், உடம்பெல்லாம் மண்ணும் வேர்வையும்.

“தம்பி, பிரதீபன் எண்டிறவற்றை வீடு உதுதானே?” பெரியவர்தான் கேட்டார்.

“ஓம்.” பிறகு யோசித்து, “அவர் இல்லை” என்றேன்.

“நீர்?”

“நான் வாழைக்குக் கிடங்கு வெட்ட வந்தனான், ஐயா.”

பெரியவர் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “அப்பிடியோ. அவர் ஆள் எப்பிடி?”

“எனக்கு ஒண்டும் தெரியாது, ஐயா. கூலிக்கு வந்த இடம்.”

“குடி கிடி?”

பொலிசுக்கு என் குடியால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியில் நான் தப்பியிருக்கலாம். ஆனால், எப்படிச் சுற்றி வளைத்து வருகிறார்கள் பார் என்றுதான் நினைத்தேன். அதோடு என்னைப் பற்றி நானே ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் விடவும் மனமில்லை. “குடி இல்லை. நல்ல மனுசன் எண்டு கதை. ஆனால் இனி இஞ்சை வரமாட்டார். வெளிநாட்டுக்குப் போறாராம்.”

“எந்த நாட்டுக்கு?”

“அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“தனியவோ போறார்?”

“அதுவும் சொல்லேல்லை.”

பெரியவர் பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஃபைலில் எதையோ குறித்தார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பிறகும் படத்தைப் பார்த்தார். படத்தில் நான் கோட்டுப் போட்டு, தலையைச் சரித்து, ரோசாப்பூத் திரைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் கலியாணப் பேச்சுக்கென்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்டூடியோவில் எடுத்தது. தரகரிடம் கொடுத்ததும் என் கையால்தான். இதில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. படத்தோடு வந்துவிட்டார்கள், இனித் தப்ப வழியில்லை என்று மட்டும் விளங்கியது. கையை உயர்த்தினேன். மண்வெட்டியும் கையோடு உயர்ந்தது. ஃபைல்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போய்விட்டார்.

“ஐயா, நான்தான் பிரதீபன். என்னட்டை ரிவோல்வர் இல்லை.”

“என்ன இல்லை?”

“ரிவோல்வர், ஐயா. சத்தியமாய் இல்லை. அலுமாரிக்குள்ளை தேடிப் பாருங்கோ. சீலையளுக்குப் பின்னாலை ஒண்டுமில்லை.”

அவர் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. பதினைந்து வருடமாகத் தன் பகுதிப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை விசாரித்தவர். குடிகாரனைக் கண்டிருக்கிறார், சீதனப் பிசாசைக் கண்டிருக்கிறார். கேட்காமலே ரிவோல்வர் இல்லை என்று சொன்ன மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் கண்டார். “அப்ப அந்தக் கிடங்கு?” என்றார் மெல்ல.

நானே போய்ப் பேணியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் அதைத் தூரப் பிடித்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தார். வெடிக்கவில்லை. பொலித்தீனை உரித்து, முதல் பக்கத்தைப் படித்தார். ‘என்னுடைய ரிவோல்வர் – முழு விபரம்’. அதே நேரம் அம்மா கோயிலால் வந்து படலையைத் திறந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பெரியவர் கையில் என் ஸ்டூடியோப் படத்தைக் கண்டார். அம்மாவுக்கு ஒரு பார்வை போதும்.

“பொம்பிளைப் பகுதியோ? ஏன் வெளியிலை நிக்கிறியள், உள்ளை வாங்கோ.”

“ஓம், அக்கா. கௌசிகாவின்ரை தாய்மாமன்” என்றார் அவர். “காலமை வரைக்கும் பொம்பிளைப் பகுதிதான். இப்ப ஆரெண்டு எனக்கே விளங்கேல்லை.”

நான் எங்கே போய் விழுந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொலிஸ் இல்லை என்ற நிம்மதி ஒரு கண்ணிமைப்பு நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது, பொலிசாகவே இருந்திருக்கக் கூடாதா என்ற ஆசை. பொலிஸ் என்றால் விசாரித்துவிட்டு விட்டுவிடும். கௌசிகாவை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

மாமா தேநீர் குடிக்கவில்லை. பேணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இதைப் பொலிசிலை குடுக்கிறதோ, தரகரிட்டைக் குடுக்கிறதோ எண்டு யோசிச்சுச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “என்ரை சீலையளுக்குப் பின்னாலையோ வைப்பாய்?” இல்லாத ஒன்றை எங்கே வைத்தால் என்ன என்று சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாள் சோறு மேசையில் இருக்கும், அம்மா இருக்கமாட்டார். நான் அலுவலகத்தில் கிழக்கைப் பார்த்தபடி இருந்தேன். வெட்கத்தைவிடக் கவலைதான் பெரிதாக இருந்தது. வாழ்க்கையில் ஒருமுறைதான் சரியான ஆளைக் கண்டேன், அவளிடம் போகும் வழியில் நானே கிடங்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறைக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. பஸ்ஸில் அம்மா எனக்கு முன் சீற்றில் இருந்தார், பின்னால் திரும்பவே இல்லை. கௌசிகா வீட்டு விறாந்தை மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் என் பிஸ்கட் பேணி இருந்தது. மாமா தொடங்கினார்.

“அக்கா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். உங்கடை ஊரிலை ஒருத்தருக்கும் உங்கடை மோனைத் தெரியாதாம். பக்கத்து வீட்டு வாத்தியார், உப்பிடி ஒரு ஆள் இருக்கிறதே தனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு, கணக்கு மட்டும் படிப்பிக்கேல்லை எண்டு தானாய்ச் சொல்லுறார். கடைக்காரர் கடையைப் பூட்டிப்போட்டார். கடைசியிலை உவர் எனக்கு முன்னாலை நிண்டு, தான் தானில்லை எண்டு சொன்னவர். அதுக்கு மேலை உந்தக் கொப்பி. நான் எதை நம்புறது?”

  உள்ளே இருந்து கௌசிகா வந்தாள். கையில் தேநீர்த் தட்டு இல்லை, ஓர் அடிமட்டமும் பென்சிலும். என்னைப் பார்க்கவே இல்லை. கொப்பியை விரித்து மாமாவுக்கு முன்னால் வைத்தாள்.

“மாமா, நான் ஒரு கிழமையாய் இதைப் பாத்துக்கொண்டிருக்கிறன். முன்பக்கப் படத்திலை உருளைக்கு ஆறு ஓட்டை. பக்கப் படத்திலை அளந்து பாத்தால் எட்டு ஓட்டை வரும்.” அடிமட்டத்தை வைத்துக் காட்டினாள். “விசையிருக்கிற வளையம், இவர் போட்டிருக்கிற அளவின்படி நாலு மில்லிமீற்றர். ஆற்றை விரல் உதுக்குள்ளை போகும்? மடிச்சுத் திறக்கிற பிணைச்சலைக் குதிரைக்குப் பக்கத்திலை கீறியிருக்கிறார். திறந்தால் குதிரையிலை முட்டி நிக்கும். உதிலை குண்டு போடேலாது, சுடேலாது, கையிலை பிடிக்கவும் ஏலாது. ஒரு ரிவோல்வரை ஒருக்கா எண்டாலும் கண்ணாலை கண்ட ஆள் உப்பிடிக் கீறமாட்டார்.”

எனக்கு உயிர் வந்தது. இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் பதினொரு மாதப் படிப்பு உள்ளே பொங்கியது. “இல்லை, மேலாலை திறக்கிற வகையிலை பிணைச்சல்…” என்று தொடங்கிவிட்டேன். அம்மா மேசைக்குக் கீழால் என் தொடையைக் கிள்ளினார். (ஆறு நாளுக்குப் பிறகு அம்மா என்னோடு தொடர்பு கொண்டது அப்போதுதான்.)

மாமா என் பக்கம் திரும்பினார். “அப்ப உம்மட்டை இருக்கோ?”

“இல்லை.”

“அவ சொல்லுறது சரியோ?”

“சரி.” பேணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “நான் ஒருநாளும் ரிவோல்வரைத் தொட்டதில்லை. ஒரு கூட்டத்துக்குள்ளை பெரிய ஆள் மாதிரித் தெரியிறதுக்காகப் பொய் சொன்னனான். உங்களைப் பொலிஸ் எண்டு நினைச்சு ஊரையும் பொய் சொல்லப் பண்ணினன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கூடியிருந்த பெண் வீட்டார் முகத்தில் இரக்கம் தெரிந்தது. மாமா முகத்தில் இல்லை. “ரிவோல்வர்க்காரனுக்குப் பெட்டையைக் குடுக்கேலாது எண்டு பயந்தன். இப்ப பொய்க்காரன் எண்டு தெரியுது. எது நல்லது எண்டு எனக்கு விளங்கேல்லை, பிள்ளை.”

கௌசிகா அன்றைக்கு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். சுவர் வரைபடத்தைப் பார்த்த அதே பார்வை. வடக்கு எந்தப் பக்கம் என்று தேடுவது போல இருந்தது.

“மாமா,” என்றாள், “பொய் சொல்லாத மாப்பிளை எண்டு ஒருத்தரும் இல்லை. இவர் சொன்னால் நான் அஞ்சு நிமிசத்திலை பிடிச்சிடுவன். வேறை என்ன வேணும்?”

மாமா கொப்பியை மூடிப் பேணிக்குள் வைத்தார். பிறகு வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

கலியாணம் முடிந்து இப்போது ஏழு வருடமாகிறது. களத்தில் உண்மையை எழுதிவிட்டு விலகினேன். அந்தக் கிழவர் மட்டும் ஒரு வரி பதில் போட்டார்: முதல் நாளே எங்கள் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு தூரம் போகிறீர் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னராசா அண்ணை இன்றைக்கும் அந்நியர் எவரிடமும் என்னைத் தெரியும் என்று சொல்வதில்லை.

ஆனால் மாமாவிடமிருந்துதான் எனக்கு விடுதலை இல்லை. கலியாண வீடோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, எங்கே போனாலும் புதிதாக ஒரு சொந்தக்காரரைக் கண்டால் என் தோளைப் பிடித்து முன்னால் விடுவார். “இவர்தான் எங்கடை கௌசியின்ரை மனுசன். அரசாங்க உத்தியோகம். இவரிட்டை ரிவோல்வர் இல்லை.” இதைச் சிரிக்காமல் சொல்வார். எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒருவரிடம் ஒன்று இல்லை என்று எவராவது கேட்காமல் சொன்னால், அது இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் இப்போது என்னோடு கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். பந்தியில் எனக்கு இரண்டாம் முறையும் வடை வருகிறது.

போன மாதம் வல்வெட்டித்துறையில் ஒரு கலியாணம். சாப்பாட்டுக்குப் பிறகு, மாமா அறிமுகம் செய்து வைத்த ஒருவர் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “தம்பி, உண்மையாய் உம்மட்டை இல்லையோ?” என்றார். கண்ணில் அவ்வளவு மரியாதை. இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கொஞ்சம் பொறுத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் விட முடியவில்லை.

பக்கத்துக் கதிரையில் பிள்ளைக்குக் கரண்டியால் பாயசம் தீத்திக்கொண்டிருந்த கௌசிகா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“இல்லை, அண்ணை. அளந்து பாத்தாச்சு.”